பெயர் வெட்டிய அண்டா: அக்காவும் நானும் ஒரு நாவல் எழுதிய கணக்கு

அக்காவும் நானும் சேர்ந்து எழுதிய நகைச்சுவை நாவல் ஒருவழியாக அச்சாகி, நூறு பிரதியும் கட்டுக் கட்டாக வீட்டுக்கு வந்துவிட்டது. டெம்மி 1/8 அளவு, 176 பக்கம், விலை 200 ரூபாய். அக்கா புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறாள். நான் கடலூர் மஞ்சக்குப்பம். நடுவில் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டரும் ஒரு மாநில எல்லையும் கிடக்கின்றன. இரண்டு பேர் சேர்ந்து கதை எழுதலாம், அதுவும் சிரிப்புக் கதை எழுதலாம் என்று நினைக்கிறவர்களுக்கு உதவுமே என்று, எங்கே எது உடைந்தது, எதை வைத்து ஒட்டினோம், எவ்வளவு செலவானது என்பதை எழுதிவைக்கிறேன். எழுத்துக் கலை பற்றி இதில் ஒன்றும் கிடையாது.

கதை இதுதான். கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரத்தில், இருக்கும் கௌசல்யா அத்தை வீட்டுப் பித்தளை அண்டா, புதுச்சேரியில் ஒரு கல்யாணத்துக்கு இரவல் போகிறது. கல்யாணம் முடிந்து வீடு வந்து சேர்வது வேறொரு அண்டா. அதில் வெட்டியிருப்பது யாரோ ஒருவர் பெயர். அத்தை தன் அண்டாவைத் தேடிக் கிளம்புகிறாள். அவ்வளவுதான்.

முதலில் அத்தியாயங்களைப் பங்கு போட்டோம். ஒற்றைப்படை அவளுக்கு, இரட்டைப்படை எனக்கு. சொத்துப் பிரிப்பது மாதிரி சுலபமாகத்தான் இருந்தது. பிரித்த பிறகு சொத்துப் பிரித்த வீடு மாதிரியே ஆகிவிட்டது. மூன்றாம் அத்தியாயத்தில் அக்கா சமையல்காரரை மாடிப்படியில் உருட்டிக் காலை உடைத்துவிட்டாள். நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த நான்காம் அத்தியாயத்தில் அவர் குத்தாட்டம் போட்டுக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டுக்காரர்களுக்கு ஆறிப்போன காபி கொடுக்கும் நகைச்சுவையை இருவருமே எழுதியிருந்தோம், இருவருமே அதுதான் புத்தகத்தின் உச்சம் என்று நினைத்திருந்தோம்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. சிரிப்பு வரும் பத்திகளை எழுத இருவருக்கும் ஆசை. யாருக்கு யார் என்ன உறவு, கல்யாணம் எந்தத் தேதியில், சத்திரம் எந்தத் தெருவில் என்று சொல்லும் சாதாப் பத்திகளை எழுத யாருக்கும் மனம் வரவில்லை. அவள் எழுதுவாள் என்று நான் விட்டேன், நான் எழுதுவேன் என்று அவள் விட்டாள். ஏழாம் அத்தியாயம் வரைக்கும் கல்யாணப் பெண்ணுக்குப் பெயரே இல்லை. சிரிப்புக் கதையில் இந்தச் சாதாப் பத்திகள்தான் சுவர். சுவர் இல்லாத இடத்தில் யாரும் எதிலும் முட்டிக்கொண்டு விழ முடியாது. கடைசியில் அந்தப் பத்திகளையெல்லாம் தனியே பட்டியல் போட்டு, சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொண்டோம்.

அண்டாவும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் வளர்ந்துகொண்டே போனது. அவளுடைய முதல் அத்தியாயத்தில் அத்தை அதை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்கிறாள். என்னுடைய ஆறாம் அத்தியாயத்தில் அதைத் தூக்க நான்கு ஆள். அவளுடைய ஒன்பதில் அதற்குள் ஒரு சின்னப் பையன் படுத்துத் தூங்குகிறான். சரி, உண்மை அண்டாவை அளந்துவிடலாம் என்று திருப்பாப்புலியூரில் பாத்திரம் வாடகைக்கு விடும் ஒரு கடைக்குப் போனோம். கையில் தையல் மிஷினோடு இருக்கும் இஞ்சு டேப், ஒரு உருண்டை சணல், நோட்டு.

வாய் விட்டம் 32 அங்குலம். உயரம் 20 அங்குலம். சுற்றளவுக்கு டேப் எட்டவில்லை. சணலைச் சுற்றி, அதைத் தரையில் நீட்டி அளந்ததில் 100 அங்குலத்துக்கு ஒரு விரற்கடை கூட. விளிம்புக்குக் கீழே கழுத்துப் பகுதியில் பெயர் வெட்டியிருந்தது. உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து முதல் எழுத்து அரைவாசி மழுங்கி, விரலால் தடவினால்தான் தெரிந்தது. அதை அப்படியே கதைக்குள் எடுத்துக்கொண்டோம். அத்தை கண்ணை மூடிக்கொண்டு அண்டாக்களைத் தடவிப் பார்த்துத் தன் பெயரைத் தேடும் இடம் அங்கிருந்து வந்ததுதான். மேசையில் உட்கார்ந்திருந்தால் அது தோன்றியிருக்காது.

ஆனால் அதே கடையில் எங்கள் கதையின் பெரிய காட்சி ஒன்று செத்துப்போனது. அண்டா சத்திரத்து உக்கிராணத்தின் வாசலில் நுழையாமல் மாட்டிக்கொள்வதுதான் நடு அத்தியாயம். ஓ.டி.யில் எங்கள் பழைய வீட்டு வாசல்நிலையை அளந்து வைத்திருந்தேன்: உள் அகலம் 30 அங்குலம். அண்டா 32. இரண்டு அங்குலத்தில் ஒரு அத்தியாயம் கிடைத்தது என்று கடையிலேயே நான் குதித்தேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அண்டாவ யாரும்மா தூக்குவாங்க? சாய்ச்சு உருட்டிக்கினு போவாங்க.”

சாய்த்தால் 20 அங்குலம்தான். 30 அங்குல வாசலில் தாராளமாகப் போகும். அண்டாவின் பக்கவாட்டில் நெடுக நசுங்கல்களும் இருந்தன, உருட்டி உருட்டி வந்தவை. அக்கா என்னைப் பார்த்தாள். பதினெட்டுப் பக்கம் எழுதியிருந்தோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கெடிலம் பாலம் தாண்டுவதற்குள் அக்கா வழி கண்டுபிடித்துவிட்டாள். உருட்டலாம் என்பது கதையில் யாருக்கும் தோன்றக் கூடாது. பெரியவர்கள் எல்லோரும் கூடி ஆளுக்கு ஒரு யோசனை சொல்லி, கொத்தனாரை வரவழைத்து, நல்ல நேரம் பார்த்து, நிலையைப் பெயர்த்துச் சுவரை இடித்து முடித்துக் களைத்து உட்காரும்போது, பந்தல்காரர் பையன் அண்டாவைச் சாய்த்து, பக்கத்து வாசல் வழியாக உருட்டிக்கொண்டு போகிறான். பழைய காட்சியைவிட இது எவ்வளவோ மேல். அளவு எடுக்காமல் விட்டிருந்தால் கிடைத்திருக்காது. இப்போதெல்லாம் கதையில் ஒரு பொருள் வந்தால் முதலில் டேப்பைத் தேடுகிறோம்.

இடையில் குரல் தட்டச்சு முயன்றோம். கூகுள் டாக்ஸ் தமிழில் பேசினால் எழுத்தாக்கிக் கொடுக்கும். ராத்திரி சமையல் முடிந்து நேரம் கிடைக்கும்போது போனை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பேசிவிட்டால் போதும், அத்தியாயம் தானாக விழுந்துவிடும் என்று கணக்கு. விழுந்தது. நிறுத்தற்குறி ஒன்று கிடையாது, யார் பேசியது என்று தெரியாது. ‘ஆல்பேட்டை செக்போஸ்ட்’ என்று சொன்னது ‘ஆள் பேட்டி செக் போஸ்ட்’ என்று வந்திருந்தது. ‘இல்லீங்க’ என்றதைச் சில இடங்களில் ‘இல்லைங்க’ என்று திருத்தி மரியாதைப்படுத்தியிருந்தது, சில இடங்களில் ‘லிங்க்’ ஆக்கியிருந்தது. சுத்தம் செய்ய ஆன நேரத்தில் கையாலேயே இரண்டு தடவை எழுதியிருக்கலாம். ஆனால் ஒரு உபயோகம் உண்டு. உரையாடலை வாயால் சொல்லும்போது வாக்கியம் சுருங்குகிறது. விரலால் எழுதினால் அத்தை மேடையில் பேசுகிறாள், வாயால் சொன்னால் திண்ணையில் பேசுகிறாள். அதனால் குரல் தட்டச்சை விட்டோம், வாயால் சொல்வதை விடவில்லை.

உருப்படியான முறை அதிலிருந்துதான் பிறந்தது. சனிக்கிழமையில் ஒருத்தி வீட்டுக்கு இன்னொருத்தி போவது, ஒரே லேப்டாப், ஒருத்தி சொல்ல ஒருத்தி அடிப்பது. சொல்கிறவள் உட்காரக் கூடாது, நடந்துகொண்டே சொல்ல வேண்டும்; உட்கார்ந்தால் வாக்கியம் நீள்கிறது. அடிக்கிறவள் நடுவில் திருத்தம் சொல்லக் கூடாது, ஆனால் சிரிப்பு வந்தால் அடக்கவும் கூடாது. குக்கர் விசிலைத்தான் கடிகாரமாக வைத்துக்கொண்டோம்: சாதம் இறங்கினால் ஆள் மாற்றம்.

வெட்டும் உரிமைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஒரு நகைச்சுவையை எழுதியவளுக்கு அதை வெட்டவோ காப்பாற்றவோ உரிமை இல்லை. எழுதாதவள்தான் முடிவு செய்வாள். விவாதம் கிடையாது. வெட்டியது குப்பைக்குப் போகாது. ‘பரண்’ என்று ஒரு கோப்பு வைத்திருந்தோம், அதில் போய் உட்காரும். பரணில் இருக்கிறது என்ற தெம்பில் இருவரும் தாராளமாக வெட்டினோம். நாவல் ஒரு கட்டத்தில் 52,000 சொல். அச்சுக்குப் போனது 36,000. பரணிலிருந்து இறக்கிக்கொண்டது ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்.

எதை வெட்டுவது என்று தெரிந்துகொள்ள, அச்செடுத்து ஸ்பைரல் போட்ட பிரதியை ஒருத்தி சத்தமாகப் படிக்க, மற்றவள் பென்சிலோடு உட்காருவாள். வாய்விட்டுச் சிரித்தால் டிக். புன்னகை வந்தால் புள்ளி. புரியாவிட்டால் சுழி. படிக்கிறவள் மற்றவளின் பென்சிலைப் பார்க்கக் கூடாது. ஒரு பக்கத்தில் ஒரு டிக்கும் ஏழெட்டுப் புள்ளியும் இருந்தால் அந்தப் புள்ளிகள்தான் டிக்கைக் கெடுக்கின்றன என்று அர்த்தம். புள்ளிகளைத் தூக்கிவிட்டால் டிக் இன்னும் சத்தமாக விழுந்தது.

ஒரு உதாரணம். முதலில் நான் எழுதியது: “கௌசல்யா அத்தை எரிமலையாகக் குமுறி, புயலாக எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அண்டா இல்லாமல் இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சூளுரைத்துக் கிளம்பினாள்.” அக்கா வரிசையாக நான்கு புள்ளி வைத்தாள். வெட்டி முடித்தபோது மிஞ்சியது: “அத்தை செருப்பைத் தேடாமல் கிளம்பினாள்.” டிக். கோபமாக இருந்தது எனக்கு, வெட்டு நியாயம் என்றும் தெரிந்தது.

ஒரே பகடியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் இருவருக்குமே காது மரத்துப்போகிறது. அப்போது அம்மாவிடம் படித்துக் காட்டினோம். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்பாள். நாங்கள் சிரிப்பு என்று நினைத்த இடங்களில் அவள் கை நிற்கவே இல்லை. நடுவில், இரவல் போன பாத்திரங்களின் பட்டியல் ஒன்று வரும். அது சாதாப் பத்தி, குலுக்கலில் எனக்கு விழுந்தது. “அண்டா 1. அண்டா மூடி 1. மூடி அண்டாவுக்குச் சேரவில்லை.” அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “நம்ம வீட்லயும் அப்படித்தான். எந்த மூடி எதுக்குன்னே தெரியாது.” அந்த மூடியை நாவல் முழுவதும் இழுத்துப் போனோம். எந்த அண்டாவுக்கும் சேராமல், கடைசி அத்தியாயத்தில் சத்திரத்துக் கிணற்றுக்கு மூடியாகிறது.

கதை நடக்கும் காலத்தை முடிவு செய்ததையும் சொல்ல வேண்டும். எனக்கு உச்சக்கட்டத்தில் தானே புயல் வேண்டும் என்று ஆசை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்த புயல் அது. அண்டா காற்றில் பறந்து மாநில எல்லையைத் தாண்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அக்கா இரண்டே கேள்வி கேட்டாள். “மார்கழியில எவண்டி கல்யாணம் வைப்பான்?” அதற்கே பதில் இல்லை. “பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சுதே, அவங்ககிட்ட இந்த அத்தியாயத்தப் படிச்சுக் காட்டுவியா?” புயல் பரணுக்குப் போனது. அது நகைச்சுவையை வெட்டும் உரிமையில் வரவில்லை, ஆனாலும் சரியான வெட்டு.

மாசி மகத்தை எடுத்துக்கொண்டோம். மாசியில் முகூர்த்தம் உண்டு. புதுச்சேரியில் வைத்திக்குப்பம் கடற்கரைக்கும் கடலூரில் தேவனாம்பட்டினத்துக்கும் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும் நாள். இரண்டு ஊரிலும் ஒரே நாளில் சாலை அடைபடும். அண்டாவை ஏற்றிய குட்டியானை வண்டி நடுவில் மாட்டிக்கொள்ள இதைவிட நல்ல நாள் கிடையாது. வழியைச் சரிபார்க்க பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தோம்: அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், அப்புறம் தமிழ்நாடு, ரெட்டிச்சாவடி, பெண்ணையாற்றுப் பாலம், ஆல்பேட்டை. புதுச்சேரியிலிருந்து மூடி போட்ட பெரிய பாத்திரம் ஒன்று ஆல்பேட்டை சோதனைச்சாவடிக்கு வந்தால் போலீஸ்காரருக்கு என்ன தோன்றும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்த அத்தியாயம் எங்களுக்கு ஒரே மூச்சில் வந்தது. மூடி வேறு சேராத மூடி, திறக்கவும் வரவில்லை.

இனி வருவதுதான் எங்களுக்கு மண்டை காய்ந்த பகுதி. நாவல் முடிந்து சுத்தப்பிரதி தயாராகும் சமயத்தில் அக்கா மகனுக்கு ஒரு வரன் வந்தது. பெண்ணின் பாட்டி பெயர் கௌசல்யா. ஊர் ஓ.டி. “இந்தப் புஸ்தகம் அவங்க கைக்குப் போச்சுன்னா நான் செத்தேன்” என்றாள் அக்கா. அத்தைக்குப் பெயர் மாற்ற வேண்டும். கண்டுபிடி–மாற்று கொடுத்தால் ஒரு நிமிஷ வேலை என்று உட்கார்ந்தோம்.

முதலில் பங்கஜம் என்று மாற்றினோம். புத்தகம் முழுக்க ‘பங்கஜம்வுக்கு’, ‘பங்கஜம்வை’, ‘பங்கஜம்வின் அண்டா’. ஆகாரத்தில் முடியும் பெயரை மகர மெய்யில் முடியும் பெயரால் மாற்றினால் வேற்றுமை உருபுகள் எல்லாம் அம்போவென்று நிற்கின்றன. கண்ட்ரோல் இசட் போட்டுப் பழையபடி ஆக்கினோம். ஆகாரத்தில் முடிகிற பெயர் வேண்டும் என்று சரோஜா போட்டோம். சரோஜாவுக்கு, சரோஜாவை, எல்லாம் ஒழுங்கு. ஆனால் ‘அந்தக் கௌசல்யா’ என்று இருந்த இடமெல்லாம் ‘அந்தக் சரோஜா’, ‘இந்தக் சரோஜா’, ‘எனக்குக் சரோஜா அத்தை என்றால்’. மறுபடியும் கண்ட்ரோல் இசட். ககரத்தில் தொடங்கி ஆகாரத்தில் முடிய வேண்டும். கமலா. மாற்றினோம், ஒரு பிசிறு இல்லை. பெயர் மாற்றும் தேவை யாருக்கும் வரலாம். பழைய பெயருக்கு இருக்கிற தலையும் வாலும் புதுப் பெயருக்கும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு வாரத் தூக்கம் மிச்சம்.

அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில், “கமலா சரி, இந்தக் கௌசல்யா யாரு? ரெண்டு பேரும் ஒரே அண்டாவ ஏன் தேடறாங்க?” என்றாள். புத்தகத்தில் கிட்டத்தட்டப் பாதி இடங்களில் கௌசல்யா அப்படியே இருந்தாள். கணினியில் தேடினால் ‘எதுவும் இல்லை’ என்கிறது. கண்ணுக்கு எதிரே இருக்கிறாள்.

விஷயம் இது. நான் லேப்டாப்பில் தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கிறவள். அதில் ஔகாரத்துக்குத் தனி விசை உண்டு. ‘கௌ’ என்றால் ககரமும் ஔகாரக் குறியும். அக்கா தனியாக எழுதிய பத்திகளைப் போனில் அடித்தாள். அவளுக்கு ஔகாரம் எங்கே இருக்கிறது என்று அகப்படாததால் ‘கெ’ போட்டு, பக்கத்தில் ஒரு ‘ள’ போட்டுவிட்டாள். ‘கெள’. திரையிலும் தாளிலும் இரண்டும் அச்சு அசல் ஒன்று; கணினிக்கு ஒன்று கௌசல்யா, மற்றது கெ-ள-சல்யா, யாரோ ஒரு அந்நியப் பெண். ‘கெளசல்யா’ என்று அவள் போனிலேயே அடித்து, அதைப் பிரதியெடுத்து, தேடும் பெட்டியில் ஒட்டித்தான் மிச்சத்தைப் பிடித்தோம். கௌரவம், மௌனம், சௌகரியம் எல்லாவற்றையும் அதே மாதிரி தேடித் திருத்தினோம். அவள் பக்கங்களில் மௌனமே சரியான மௌனம் இல்லை.

பெயர் போனதில் ஒரு நல்ல காட்சியும் போனது. விடியற்காலை பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் சுப்ரபாதம் தொடங்கும். அது தொடங்குவதே கௌசல்யா என்ற பெயரில்தான். காது மந்தமான அத்தை, யாரோ வாசலில் கூப்பிடுகிறார்கள் என்று தினமும் கதவைத் திறந்து பார்ப்பாள். நானே சிரித்து டிக் போட்ட இடம். கமலா என்றான பிறகு அது நிற்கவில்லை, பரணுக்குப் போய்விட்டது. அந்த வரன் கடைசியில் அமையவில்லை என்பது வேறு. அதற்குள் பக்க வடிவமைப்பு முடிந்துவிட்டது.

பக்க வடிவமைப்புக்கு வருகிறேன். முதலில் கொடுத்த இடத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் போடுவோம் என்றார்கள். மாற்றியதில் ‘கொ’, ‘போ’ எல்லாம் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றன. போனிலும் இணையத்திலும் நாம் அடிக்கிற யுனிகோடிலேயே வேலை செய்கிற இன்னொருவரைத் தேடிப் பிடித்தோம். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் ஒழுங்காக உட்காரும், அவ்வளவுதான் ரகசியம். பக்கத்துக்கு 25 ரூபாய். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், அதனால் 176-ல் நிறுத்தினோம். 179 வந்ததை மூன்று பக்கம் வெட்டியது அக்காவின் திருவிளையாடல்.

சிரிப்புக் கதைக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. பக்கம் எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். கொத்தனார் சுவர் இடிக்கும் இடத்தில், பையன் அண்டாவை உருட்டும் வரி எதிர்ப் பக்கத்தின் அடியில் தனிப் பத்தியாக நின்றது. வாசகர் சுவரில் கை வைப்பதற்குள் கண் அங்கே போய்விடும். முன்னால் ஐந்தாறு வரி சேர்த்து அதைப் புரட்டும் பக்கத்துக்குத் தள்ளினோம். பரணிலிருந்து இறக்கியவற்றில் ஒன்று இந்த இடத்தை அடைக்கத்தான் உதவியது.

அட்டையில் யார் பெயர் முதலில் என்பதில் கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை நின்றிருந்தது. அகர வரிசைப்படி நான் முதல், வயசு வரிசைப்படி அவள். சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இருவர் ‘சுபா’ என்று எழுதுவது மாதிரி ஒரே பெயராக ஒட்டலாமா என்று பார்த்தோம். எங்கள் பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்தால் வரும் சொல்லை இங்கே எழுத முடியாது. முன் அட்டையில் அவள் முதல், உள்பக்கத்தில் நான் முதல் என்று முடிந்தது. காப்புரிமையைப் படித்துப் பார்த்தோம். 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இன்னார் பங்கு இது என்று பிரிக்க முடியாதபடி சேர்ந்து எழுதியது கூட்டுப் படைப்பு. இருவரில் கடைசியாகக் காலமாகிறவரின் இறப்புக்குப் பிறகு 60 ஆண்டு வரை உரிமை நிற்கும். “அப்ப நீ உடம்பப் பாத்துக்கோ” என்றாள் அக்கா. பதிவு செய்ய 500 ரூபாய் கட்டணம், ஆனால் பதியாவிட்டாலும் உரிமை உண்டு என்பதால் விட்டோம். புத்தகத்துக்கு அடையாளமாகப் போடும் ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. யாராவது அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

செலவு: பிரிண்ட் அவுட், ஸ்பைரல் வகையில் 1,460. பக்க வடிவமைப்பு 4,400. திருத்தங்களுக்குத் தனியே 600. அட்டைப்படம் 2,500. டிஜிட்டல் அச்சு, நேச்சுரல் ஷேடு தாள், பிரதிக்கு 112 வீதம் 11,200. கட்டுகளை இறக்கியது 250. மொத்தம் 20,410 ரூபாய். பஸ் கட்டணத்தையும் அம்மாவின் கீரையையும் சேர்க்கவில்லை. அக்கா ஒரு கல்லூரியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள். வகுத்துப் பார்த்துவிட்டு, “பிரதிக்கு நாலு ரூபாய் பத்துக் காசு நஷ்டம். வித்தா” என்றாள். அட்டையில் 200 என்று அச்சடித்த பிறகுதான் இந்தக் கணக்குப் போட்டோம். சொந்தக்காரர்கள் யாரும் விலை கேட்கவில்லை. எல்லோரும் கையெழுத்து மட்டும் கேட்டார்கள்.

அடுத்த தடவை சிலவற்றை மாற்றப்போகிறோம். அத்தியாயப் பங்கீடு கிடையாது, முதல் நாளிலிருந்தே ஒருத்தி நடக்க ஒருத்தி அடிப்பது. அக்காவின் போனில் ஔகாரம் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தாயிற்று. அட்டை அச்சாவதற்கு முன்பு செலவைக் கூட்டுவது. சாதாப் பத்திகளை முதலில் எழுதி முடிப்பது. புதுக் கதைக்குப் பெயர்ப் பட்டியலையும் அக்கா தயார் செய்துவிட்டாள், எந்த நேரத்தில் எந்தச் சம்பந்தி முளைத்தாலும் மாற்றிக்கொள்ள வசதியாக: கமலா, கனகா, கல்பனா, கோமளா, குமுதா, கிரிஜா. அம்மாவிடம் முதல் நான்கு பக்கத்தைப் படித்துக் காட்டினோம். சுழி சுழியாக விழுகிறது.